மூன்றுக்கு அடுத்த படி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இது தப்பு. தைத்த துணிகளைக் கொடுக்க நான் வெளியே போன அரை மணி நேரத்தில் அவள் செருப்பு, பால் டம்ளர், இரண்டு கவுன் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாய். கதவில் ஒரு சீட்டு: ‘பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை. இனி எங்களோடு இருக்கட்டும்.’ ஒன்றரை வருஷம் நான் வளர்த்ததற்கு இரண்டு வரி.

போனில் கேட்டால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே வரும்போதெல்லாம் “விளையாட்டு, விளையாட்டு, எப்பதான் படிக்கிறது?” என்பாய். நம் வாண்டு என்ன விளையாடினாள் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தாயா? காலையில் துவைத்த சாக்ஸை ஜோடி சேர்ப்பாள். டம்ளரால் செம்பில் தண்ணீர் ஊற்றி, இந்தத் தடவை வழியுமா வழியாதா என்று முன்கூட்டியே சொல்வாள். மத்தியானம் என் பொத்தான் டப்பாவைக் கொட்டிப் பிரிப்பாள். இரண்டு ஓட்டை இருந்தால் ‘பன்னி மூக்கு’, அதற்கு மேல் இருந்தால் ‘சல்லடை’. பேர் வைத்தது அவள்தான். ஒரு டப்பா பொத்தானில் ஒன்றுகூட இடம் மாறாது. துணிக் கிளிப்பை அமுக்கி அமுக்கி விரலுக்கு வந்த பலம், நாளைக்குப் பென்சில் பிடிக்க உதவும்.

இதெல்லாம் நான் எங்கும் படித்ததில்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் போட்டுத் தையல் கற்றவள் நான். கைக்குத் தெரியாததை வாய் ஒப்பித்துப் பிரயோஜனமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கொண்டுவந்து விடு.

அக்கா

●

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

அட்மிஷனுக்கு நான் கூட்டிப்போன அன்று பள்ளிக்கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. “ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் சொல்லும்மா” என்றார் டீச்சர். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள். உடனே நாற்காலியிலிருந்து இறங்கி ஒரு குதி குதித்தாள். “அஞ்சு” என்றாள். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதே குதி, அதே அஞ்சு. பின்னால் காத்திருந்த ஒரு பையனின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர் தாளில் ‘கவனம் இல்லை’ என்று எழுதினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இங்கே ஒரு டியூஷனில் சேர்த்திருக்கிறோம். தினமும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். எழுதுவதில்லை. பென்சிலைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுகிறாள். பேச்சும் குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி டூட்டி, எனக்குக் கோடவுன் வேலை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். போகப் போகச் சரியாகிவிடும். நீ வருத்தப்படாதே.

உன் தம்பி

●

பிப்ரவரி 20

தம்பிக்கு,

குதித்தாள் என்று எழுதியிருக்கிறாயே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

என் மாடிப்படியில் நாலாவது படி பெயர்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் “பார்க்கலாம்மா” என்பார். அவர் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. நானும் வாண்டும் எண்ணிக்கொண்டேதான் படி ஏறுவோம். அந்தப் படி வந்ததும் நான் கையைப் பிடித்துத் தூக்குவேன், அவள் குதிப்பாள். என் முழங்கால் இருக்கும் லட்சணத்துக்கு அந்த இடத்தில் எனக்கு மூச்சு வருவதே பெரிது, எண் எங்கே வரும்? அடுத்த படியில் காலை ஊன்றியதும் இரண்டு பேரும் “அஞ்சு” என்போம். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை இப்படி.

அவளுக்கு எண்ணுவது என்றால் மூன்றுக்குப் பிறகு குதிப்பது. கவனமில்லாத பிள்ளை இப்படிச் செய்யாது.

தப்பு என்னுடையது. எழுதிவிட்டேன். மன்னிப்பு கேட்கவில்லை.

பொத்தான் டப்பாவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சல்லடைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு நீ எண்ணு. அவளைக் கேள்வி கேட்காதே. தரையில் உட்கார், நாற்காலியில் இருந்துகொண்டு அதிகாரம் பண்ணினால் நடக்காது.

எண்ண வந்ததும் அவளை இங்கே கொண்டுவந்து விடு. அதில் மாற்றமில்லை.

அக்கா

●

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பா வந்தது. தரையில்தான் உட்கார்ந்தேன். ஏழு சல்லடை வைத்து எண்ணினேன். நாலாவதைத் தொடப் போனதும் என் கையைத் தட்டிவிட்டாள். “அப்பா, அங்க குதிக்கணும். இல்லன்னா விழுந்துருவே.” குதித்தேன். என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “டப்பாவோட அக்கா இன்னொரு பிள்ளையயும் அனுப்பிட்டாங்களா?” என்றாள்.

“இங்க எதுவும் உடையலடா, மிதிக்கலாம்” என்றேன். வாண்டு நம்பவில்லை. அந்தப் பொத்தானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். திரும்ப வைத்துவிட்டு, “அது பேரு என்ன?” என்றாள். “நாலு” என்றேன். “சரி, நாலு” என்றாள், ஏதோ எனக்கு அனுமதி கொடுப்பது போல.

டியூஷனை நிறுத்திவிட்டோம். நேற்று வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு நீதான் பஸ். பஸ் பேசாது.” ஒரு மணி நேரம் நான் பேசவில்லை. “இது தெரிஞ்சிருந்தா கல்யாணமான புதுசுலயே உங்கள பஸ்ஸாக்கியிருப்பேன்” என்கிறாள் இவள்.

வாண்டு உன்னைக் கேட்கிறாள். நீ இங்கேயே வந்துவிடு அக்கா. தையல் மிஷினுக்கு ஜன்னலோரம் இடம் இருக்கிறது. இல்லை, முன்பு போல அவளை அங்கே கொண்டுவந்து விடவா? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி.

உன் தம்பி

●

மார்ச் 8

தம்பிக்கு,

வர மாட்டேன். அவளைக் கொண்டுவந்து விடவும் வேண்டாம்.

நான் வந்தால் ஒரு வாரத்தில் நீ பஸ்ஸாக இருப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். உன் மேல் குற்றமில்லை. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் எல்லோரும் அப்படித்தான். இங்கே நான் இருந்ததால்தான் நீ அவளோடு உட்காரவில்லை. பார்சல் கட்டும்போது இது எனக்குத் தோன்றவில்லை. உன் கடிதம் வந்த பிறகு தோன்றியது.

சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனது இன்றைக்கும் தப்புதான்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். உன் வீட்டுக்காரியிடமும் படித்துக் காட்டு.

சாக்ஸ் ஜோடி சேர்ப்பது வாண்டு. மாற்றிச் சேர்த்தால் திருத்தாமல் அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது நீ.

தண்ணீர் ஊற்றும் விளையாட்டுக்கு உன் வீட்டுக்காரி, அவளுக்கு டூட்டி இல்லாத நாட்களில், குளியலறையில். தரையைத் துடைப்பது மூன்று பேரும். அதுவும் விளையாட்டில் சேர்த்தி.

சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ்ஸோ, கடையோ, மாடோ, அவள் சொல்கிறபடி ஆவது நீ.

அடுத்த பள்ளிக்கூடத்திலும் பழக்கத்தில் அவள் குதிக்கலாம். யாராவது சிரித்தால், ஏன் குதித்தாள் என்று எடுத்துச் சொல்வது நீ. முகத்தை அவள் பக்கமாக வைத்துக்கொண்டு சொல்.

அத்தை எங்கே என்று கேட்டால் பதில் சொல்வது இரண்டு பேரும். நாளைக்கு வருவேன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

வராமல் இருப்பது நான்.

அக்கா