வீட்டுக்கு ஒரு ஆள்

கச்சேரித் தெரு
14.8.1966

அன்புள்ள ராஜமேரி அக்காவுக்கு,

உன் தம்பி மதலைமுத்து எழுதுவது. வேலையில் சேர்ந்து இன்றோடு நாற்பது நாள். மேசை, நாற்காலி, மைக்கூடு எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், தாலுகா ஆபீசில் நகல் எடுக்கிற வேலை முழுவதும் என் தலையில்தான்.

நீ கேட்டிருந்ததைத் தலைமை எழுத்தரிடம் விசாரித்தேன். ஏரிக்குள் தண்ணீர் வற்றின இடத்தில் நீயும் சவரி மாமாவும் கல் பொறுக்கித் திருத்தினீர்களே ஒரு ஏக்கர், அது சர்க்கார் புறம்போக்கு. அதற்காகத்தான் கர்ணம் உங்களிடம் அந்தத் தாளைக் கொடுத்தார். அதை பி மெமோ என்பார்கள். பயப்படாதே. அதில் போட்டிருக்கிற தண்டத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள். ஒளிக்கவும் வேண்டாம், கர்ணத்துக்குக் கோழி கொடுத்து வாயை அடைக்கவும் வேண்டாம். பத்து வருஷம் விடாமல் ரசீது வைத்திருந்தவர்களுக்கு அந்த இடத்தையே பட்டா போட்டுக் கொடுத்ததுண்டு என்கிறார் அவர். நாம் நேராக நடந்தால் சர்க்கார் ஒருநாள் நம்மைத் திரும்பிப் பார்க்கும், அக்கா.

ரசீதுகளை எலி கடிக்காத இடத்தில் வை.

உன் தம்பி
மதலைமுத்து

*

கச்சேரித் தெரு
23.1.1977

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமசுக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை என்று உன் மகள் தெரசா கோபமாக இருப்பாள். லீவு கேட்டால், “எமர்ஜென்சின்னு தெரியுமா தெரியாதா?” என்கிறார்கள். ஐந்து நிமிஷம் பிந்தினால் பெயருக்கு நேரே சிவப்பு மை. இத்தனை வருஷமாக அதே நாற்காலி, அதே ஆடுகிற கால். கண்தான் மங்கிக்கொண்டு வருகிறது.

ஒரு விசேஷம். நம் அரசியல் சட்டத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று புதிதாகப் பத்தைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து அமல். அதைப் பெரிய அட்டையில் எழுதி மாட்டச் சொன்னார் ஆபீசர். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். இப்போது தினமும் காலையில் எல்லோரும் அதன் முன்னால் நிற்கிறோம், நான் வாசிக்கிறேன். உனக்கும் ஒரு நகல் வைத்திருக்கிறேன். ஏழாவதைப் பார். காடு, ஏரி, ஆறு, காட்டு உயிர்கள் இவற்றையெல்லாம் காப்பாற்ற வேண்டும், உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. அதை எழுதும்போது நம் ஊர் ஏரிதான் கண்ணில் நின்றது.

ஏரிப் புறம்போக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க உத்தரவு வந்திருக்கிறது. கர்ணம் வருவார். ரசீதுகளைக் காட்டு. பதினொன்று சேர்ந்திருக்குமே! மாமா இறந்த வருஷம்கூட நீ கட்டத் தவறவில்லை. பட்டாவுக்கு இதுதான் வேளை என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் தம்பி
மதலைமுத்து

*

சேசு மரி சூசை

கொன்றைப்பட்டி
5.3.1977

அன்புத் தம்பி மதலைமுத்துவுக்கு,

அக்கா எழுதுவது. முதுகு வலிக்கிறது, மற்றபடி குறையில்லை. தெரசா உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். ஒரு சீப்பு வாங்கி அனுப்பு, சரியாகிவிடும்.

முதுகுவலி எதனால் என்றால், மாசி பிறந்ததும் கால்வாய் வெட்டு. நீ மறந்திருப்பாய். மலையிலிருந்து ஏரிக்கு வருகிற கால்வாயில் முள்ளும் மண்ணும் மூடிவிடும், வீட்டுக்கு ஒரு ஆள் போய் ஒருநாள் வெட்டிவிட வேண்டும். என் வீட்டுக்கு ஒருநாள், அப்பா வீட்டுக்கு ஒருநாள் என்று வருஷா வருஷம் போல இரண்டு நாள் போனேன். அப்பா வீடு பூட்டிக் கிடந்தாலும் ஊர்க் கணக்கில் அது ஒரு வீடுதானே. அதற்கு ஆள் நீ. நீ வராததால் நான்.

பக்கத்து நிலத்து ராமக்காள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். “ஏண்டி, ஏரி ரொம்பினா உன் வெள்ளாமைதானே மொத முழுகும்? உன் குழியை நீயே வெட்டிக்கிறயே!” என்கிறாள். எனக்கும் தெரியும். ஏரிக்குள் உழுது தின்கிறவள் அந்த ஏரிக்கு இரண்டு கூடை மண் சுமக்காவிட்டால் சோறு எப்படி இறங்கும்? முழுகுகிற வருஷம் பட்டினிதான், அடுத்த வருஷம் வண்டலில் கேழ்வரகு இடுப்பளவு நிற்கும்.

நீ அனுப்பிய பத்துக் கடமையைக் கால்வாய்க் கரையில் கஞ்சி குடிக்கும்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஏழாவது வந்ததும் ஒரே சிரிப்பு. “அப்ப சர்க்காரு வூட்லருந்தும் ஒரு ஆள் வரோணுமில்ல?” என்று கேட்கிறார்கள். கேட்டுச் சொல்.

மாரப்பன் ஐயா வீட்டிலிருந்து இந்த வருஷமும் ஆள் வரவில்லை. ஏரிக்குள் அவருக்கு ஆறு ஏக்கர், கிணறு, பம்புசெட். கர்ணம் அங்கே இளநீர் குடித்துவிட்டு இங்கே வந்து என்னிடம் ரசீது கேட்டார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பதினொன்றையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. உன் பேச்சைக் கேட்டு நடந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

பட்டா வந்ததும் சாமியாரிடம் சொல்லி ஒரு பூசை வைக்க வேண்டும். அதற்காவது வா.

உன் அக்கா
ராஜமேரி

*

சேசு மரி சூசை

கொன்றைப்பட்டி
2.4.1977

தம்பிக்கு,

நாளைக்குக் குருத்து ஞாயிறு. ஊரே ஓலை பின்னிக்கொண்டிருக்கிறது. எங்கள் கைக்கு வேறு ஓலை வந்திருக்கிறது.

தலையாரி கொண்டுவந்து கொடுத்தான். ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு செய்திருக்கிறேனாம், பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டுமாம், தவறினால் பயிரோடு அகற்றுவார்களாம். ஆதாரம் என்று ரசீது நம்பர் பதினொன்றையும் போட்டிருக்கிறது.

அச்சடித்த தாள்தான். ஆனால் காலி இடங்களை நிரப்பியிருப்பது உன் கை. என் பெயரை முதன்முதலில் உனக்கு மணலில் எழுதப் பழக்கியவள் நான். ஜ-வுக்கு வாலை நீட்டாதே என்று அன்றைக்கே சொன்னேன், இன்னும் நீட்டுகிறாய். ராமக்காளுக்கு வந்த தாளில் செத்துப்போன புருஷன் பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று இருக்கிறது, அது வேறு யாரோ எழுதியது. என்னுடையதில் ‘காலஞ்சென்ற சவரி’ என்று இருக்கிறது. அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறாய்.

ஊரில் தாள் வந்தது ஏழு பேருக்கு. ஏழு பேரும் தண்டம் கட்டி ரசீது வைத்திருந்தவர்கள். மாரப்பன் ஐயாவுக்கு வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போன என்னிடம் அவரே சொன்னார்: “ரசீது வாங்குனவதானம்மா ஆக்கிரமிப்பு. நான் எங்க வாங்குனேன்? அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துச் சனின்னு சும்மாவா சொன்னாங்க.” அவர் ஏளனமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கேழ்வரகு கதிர் வாங்கிப் பால் பிடித்திருக்கிறது. அறுக்க இன்னும் இருபத்தைந்து நாளாவது ஆகும். அந்த ஒரு ஏக்கர் போனால் எனக்கும் தெரசாவுக்கும் கூலிதான் கதி, அது உனக்குத் தெரியாததல்ல.

நான் கேட்பது ஒன்றுதான். எழுதும்போது என் பெயர் என்று தெரிந்துதான் எழுதினாயா?

ராஜமேரி அக்கா

*

கச்சேரித் தெரு
12.4.1977

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் பூசைக்குப் போய் நற்கருணை வாங்காமல் திரும்பி வந்தேன்.

தெரிந்துதான் எழுதினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கணக்கெடுப்பு என்றால் நிலத்தைப் போய் அளப்பார்கள் என்று நம்பியிருந்தேன். அளக்க யாரும் போகவில்லை. பி மெமோப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லிப் பதிவேட்டையே என் மேசையில் போட்டார்கள். கர்ணம் எழுதாதவர் பெயர் அதில் எப்படி இருக்கும்? காகிதத்தின்படி மாரப்பன் ஏரிக்குள் கால் வைத்ததே இல்லை. நீதான் வருஷா வருஷம் தவறாமல் வைத்திருக்கிறாய். பட்டா கிடைக்கும் என்று நான் சொன்னது பொய்யில்லை அக்கா, அப்போது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஏரிக்குள் மட்டும் பட்டா கிடையாது என்பதை நான் கேட்கவுமில்லை, தலைமை எழுத்தர் சொல்லவுமில்லை.

நாற்பத்தொன்றாவது வரியில் உன் பெயர் வந்தது. விட்டுவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் எதிரே என் கையால் எழுதிய அட்டை. காலையில் ஊருக்கெல்லாம் வாசித்துவிட்டு மத்தியானம் அக்காவுக்கு மட்டும் வேறு சட்டமா என்று தோன்றியது. எழுதிவிட்டேன். அப்போது அது சரியென்றுதான் பட்டது. இப்போது உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், எது சரியென்றே தெரியவில்லை.

எமர்ஜென்சி போய்விட்டதே, இதுவும் போகாதா என்று ஆபீசரைக் கேட்டேன். “ஃபைல் போகாதுப்பா” என்றார். அறுப்புக்கு இருபது நாள் அவகாசம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மாரப்பனின் ஆறு ஏக்கரையும் அளக்க வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்.

நீயும் தெரசாவும் என்னோடு வந்துவிடுங்கள். அறை சின்னதுதான். சமாளிக்கலாம்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

மதலைமுத்து

*

கொன்றைப்பட்டி
3.5.1977

மதலைமுத்துவுக்கு,

உன் இருபது நாள் வரவில்லை. பதினெட்டாம் தேதி அவர்கள்தான் வந்தார்கள். முந்தின நாளே நானும் தெரசாவும் ராமக்காளும் முடிந்தமட்டும் பச்சைக் கதிரை அறுத்துவிட்டோம். மிச்சத்தை மாடு விட்டு மிதிக்கவைத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் நல்ல மனுஷன், “மேலிடத்து உத்தரவும்மா, மனசுல வெச்சுக்காதீங்க” என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

பச்சைக் கதிரை வறுத்துத் தின்று நாலு நாள் ஓட்டினோம். இப்போது இருவரும் கூலிக்குப் போகிறோம், மாரப்பன் ஐயாவின் ஏரி நிலத்துக்கு.

உன்னோடு வந்து இருக்க எனக்கு மனசில்லை. நீ பொய் சொல்லவில்லை, களவு செய்யவில்லை. அதனால்தான் உன்னைத் திட்டக்கூட முடியவில்லை, அதுதான் இன்னும் அலுப்பாக இருக்கிறது. ஒரு வார்த்தை, என் பெயரை எழுதின அன்றைக்கே ஒரு கார்டு போட்டிருந்தால், மாரப்பன் ஐயாவிடம் போகாமல் வேறு கூலியாவது பார்த்து வைத்திருப்பேன். ரசீதைக் காட்டு என்று எழுதத் தெரிந்தவனுக்கு இதை எழுதத் தெரியவில்லை. நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை.

ரசீது பதினொன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். எலி கடிக்கவில்லை.

ராஜமேரி

*

கச்சேரித் தெரு
21.8.1977

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது கடிதம். பதில் இல்லை. தெரசாவுக்கு அனுப்பிய சீப்பும் பாவாடைத் துணியும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன.

மாரப்பன் நிலத்தை அளக்கச் சொல்லி எழுதினேனே, அதற்குப் பதில் வந்தது. பதிவேட்டில் இல்லாததைப் பற்றி எழுதுவது என் வேலையில்லை என்று எனக்குத்தான் மெமோ. அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், சிரிக்காதே.

ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கடமை அட்டையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. காலையில் யாரும் நிற்பதில்லை, நான் வாசிப்பதுமில்லை. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டதுதான் தொந்தரவு. சாப்பிடும்போது ஏழாவது வருகிறது. ஏரிக்குப் பக்கத்திலேயே, அதே வரியிலேயே, இரக்கம் என்றும் எழுதியிருக்கிறதே. அதையும் நான்தானே எழுதினேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது, அக்கா.

மதலைமுத்து

*

சேசு மரி சூசை

கொன்றைப்பட்டி
27.11.1977

தம்பி மதலைமுத்துவுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மழை எழுத வைத்துவிட்டது.

பத்து நாளாக விடாத மழை. ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர் வந்தது. மாசியில் வெட்டின கால்வாய் ஓரிடத்தில்கூட அடைக்கவில்லை. நடுங்கிக்கொண்டே போய்ப் பார்த்தேன்.

மாரப்பன் ஐயா தன் ஆறு ஏக்கரைச் சுற்றிப் புரட்டாசியிலேயே கரை போட்டுவிட்டார். அங்கே ஒரு சொட்டு ஏறவில்லை. வந்த தண்ணீருக்குப் போக இடம் வேண்டுமே. காலி செய்த ஏழு பேர் நிலத்தில்தான் நிற்கிறது. நடுவில் என் ஒரு ஏக்கர், அங்கேதான் ஆழம். ஊர் மாடெல்லாம் அதில்தான் இறங்கிக் குடிக்கிறது. நானும் ஒரு குடம் மொண்டு வந்தேன். மண் வாசனையாக இருந்தது, தெளியவைத்துக் குடித்தோம். தெரசா, “நம்ம வயல் தண்ணிம்மா” என்றாள். அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் வராதது அப்போதுதான் வந்தது.

நீ செய்ததை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உன் தவறில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். இரக்கம் என்று எழுதினவன் நீதான் என்பது உனக்கு இப்போதாவது உறைத்திருக்கிறது.

வருகிற மாசி மூன்றாம் தேதி கால்வாய் வெட்டு. “ஏரிக்குள்ள உனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நீ எதுக்கு வர்றே?” என்று ராமக்காள் கேட்டாள். மாடு குடிக்கிறதே என்றேன். என் வீட்டு ஆளாக நான் போவேன்.

அப்பா வீட்டுக்கு இனி நான் போவதாக இல்லை. அந்த வீட்டுக்கு ஆள் நீ. பதினொரு வருஷமாக நீ தராத நாளையெல்லாம் நான்தான் தந்துகொண்டிருக்கிறேன், என் முதுகு இனித் தாங்காது. லீவு கொடுத்தால் வா, கொடுக்காவிட்டாலும் வா. வராவிட்டால் அந்த வீட்டுப் பெயரை ஊர்க் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிடுவேன். பிறகு எனக்குத் தம்பி என்று எழுத ஆள் இல்லை.

அப்பாவின் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
ராஜமேரி