பூட்டாத திரை

8 பிப்ரவரி 1993, திங்கள்

பேராசிரியர் பிராண்ட்வால்டின் கணினித் திரையில் காலையில் மீன்கள் நீந்தின. மூன்று அறை தள்ளி உட்கார்ந்து ட்வைட் அனுப்பியிருக்கிறான். ஆய்வு மாணவன், வேலை வெட்டி இல்லாதவன். துறையே சிரித்தது.

துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே திரையைத் தொடங்கும் கோப்பு எல்லாவற்றிலும் 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று ஒரு வரி. அது இருந்தால்தான் அடித்தளத்துப் பெரிய கணினியிலிருந்து வரைபடங்கள் வரும் என்று மூத்தவன் கோப்பை இளையவன் அப்படியே நகலெடுக்கிறான். மீன் அனுப்ப முடிந்தவனால் நாம் தட்டும் எழுத்தையும் படிக்க முடியும். சொன்னேன். யார் கேட்கிறார்கள்?

10 பிப்ரவரி

வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் புது ரகசியச் சாவி உருவாகி, அது உள்ளவரை மட்டும் திரை ஏற்கும்படி செய்தேன். கடவுச்சொல் கொடுத்தால் திரை சாம்பலாக வந்து, உடனே அணைந்து, மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. நாற்பது கணினியிலும்! ஆறு மணி நேரம் மண்டை காய்ந்தபின் தெரிந்தது: சாவிக் கோப்புகள் எல்லாம் நிர்வாகியான என் பெயரில் இருக்கின்றன. அவரவர் சாவியை அவரவரே படிக்க முடியாது. முட்டாள், முட்டாள்.

11 பிப்ரவரி

அது சரியாகிவிட்டது. இப்போது பிராண்ட்வால்டுக்கு அடித்தளத்து வரைபடம் வரவில்லை; அந்தப் பெரிய கணினியிடம் சாவி இல்லை.

"லோர்னா, நாளைக்கு கட்டுரை போயாகணும். எனக்குப் பூட்டு வேணாம், படம்தான் வேணும்."

அவர் குழுவின் ஐந்து கணினிகளில் மட்டும் அந்த வரியைத் திரும்பப் போட்டேன். வெள்ளி வரைதான்.

15 பிப்ரவரி

வெள்ளி போய்த் திங்களும் ஆயிற்று. வரி அங்கேயே இருக்கிறது. நாளை எடுக்க வேண்டும்.

17 பிப்ரவரி

எடுக்கவில்லை.

பிராண்ட்வால்டின் மாணவி இங்கா, அவருக்குத் தெரியாமல், அவரை விட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேறொருவரிடம் சேர இடம் கேட்டுக் கணினியில் கடிதம் தட்டிக்கொண்டிருந்தாளாம். மதியச் சாப்பாட்டில், பிராண்ட்வால்டும் இருக்கும்போது, ட்வைட் கேட்கிறான்: "விஸ்கான்சின்ல குளிர் கம்மியாமே, இங்கா?"

அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனைத் தனியாகப் பிடித்துத் திட்டினேன். "சும்மா பாத்தேன். கதவு தொறந்துதானே கெடந்துச்சு?" என்கிறான்.

தொறந்து வெச்சது யாரு? நாந்தானே.

18 பிப்ரவரி

அடித்தளத்துக்கும் சாவி போகும்படி செய்தேன். படமும் வருகிறது, பூட்டும் இருக்கிறது. நாற்பது நிமிட வேலை. போன வியாழனே செய்திருக்கலாம்!

22 பிப்ரவரி

இங்காவிடம் போய், இனி யாராலும் பார்க்க முடியாது என்றேன். நன்றி என்றாள். அவள் கணினி அணைந்திருந்தது. தாளில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் இன்னும் ஓரடி கிட்டே போனதும், இடது கையால் தாளை மறைத்துக்கொண்டாள்.