நடவுக்குப் போகாத பத்து நாள்

அக்கா,

இன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடைக்காரர் புழுங்கல் அரிசி மூட்டையைப் பிரித்தார். நெல் அவித்த வாசனை மூக்கில் ஏறியதும், வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். "ஜல்தி சொல்லும்மா" என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் தமிழ் பேச ஆளுக்குக் குறைவில்லை. எனக்குத்தான் யாருமில்லை.

கூடப் பிறக்காவிட்டாலும் நம் தெருவுக்கே நீ அக்கா; கள்ளக்குறிச்சிப் பக்கத்து அந்தத் தெருவிலிருந்து டெல்லிக்கு முதலில் வந்தவளும் நீ. ஜனக்புரியில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது செங்கல் சுமந்தாய். பிறகு அதே வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாய். வீடு வீடாகப் பேசி வைத்துவிட்டு ஊருக்குச் சொல்லி அனுப்புவாய். "வேலை தயாரா இருக்கு, வந்தா போதும்" என்பாய். அப்படித்தான் நான் வந்தேன், என் பின்னால் இன்னும் பதினோரு பேர் வந்தார்கள். ஊரில் எங்கள் கூரையெல்லாம் ஓடாக மாறியது. நீ மட்டும் ஓடு போடவில்லை. உன் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தில் கேணி வெட்டினாய். "பொழைக்க வந்த ஊருல சாவ மாட்டேண்டி" என்று எரிந்து விழுவாய். உனக்கு டெல்லிக் குளிரும் ஆகாது, நான் போடும் டீயும் ஆகாது.

கேணியில் தண்ணீர் கண்ட வருஷம் ஊருக்குப் போய் நாற்று விட்டாய். கொஞ்ச நாளில் எனக்குக் கடிதம் வந்தது. நம் குடிசைகளில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தேன். "நாத்து முத்திக்கிட்டு வருது. நடறதுக்கு ஊருல ஆளே இல்ல, வயசானவங்கதான் இருக்காங்க. பத்து நாளைக்கு எல்லாரும் வந்துட்டுப் போங்கடி" என்று யாரையோ விட்டு எழுதியிருந்தாய். நடவு தெரிந்தவர்களையெல்லாம் டெல்லிக்கு இழுத்து வந்தவளே நீதானே என்று ஒருத்தி சிரித்தாள்.

படித்து முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எங்க வீட்டம்மா லீவு தரமாட்டாங்க" என்றேன். அவ்வளவுதான். "எங்க வீட்டுலயும் தரமாட்டாங்க, வேற ஆள வச்சிடுவாங்க" என்று ஒவ்வொருத்தியாக எழுந்து போனாள். நான் போயிருந்தால் நாலு பேராவது கூட வந்திருப்பார்கள்.

முற்றிய நாற்றை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு நீ திரும்பி வந்தாய். திட்டுவாய் என்று பயந்து இரண்டு நாள் உன் குடிசைப் பக்கமே நான் வரவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்தாய். "நெலத்த தரிசாப் போட்டுட்டேன். ஊருல உன் தங்கச்சி ஒருத்திதான் பாக்கி. அவளையும் வரச் சொல்லு, ஒரு வீடு பேசி வச்சிருக்கேன்" என்றாய். திட்டியிருக்கலாம் அக்கா.

தங்கச்சி வந்தாள். அடுத்த குளிரில் நீ காய்ச்சலில் படுத்து இங்கேயே போய்விட்டாய்.

இப்போதும் உன் பேச்சு எடுத்தால், "பாவம், இவ வீட்டம்மா மட்டும் லீவு குடுத்திருந்தா இவ ஓடியிருப்பா" என்று என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். அந்த அம்மா நல்லவர். கேட்டிருந்தால் விட்டிருப்பார். மறுபடி சேற்றில் இறங்கிக் குனிய எனக்கு மனசில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை, அக்கா.