இரும்புக் கதவுக்குள் வைத்த பெட்டி

இன்று காலை நம் பள்ளிக் கணினி அறையின் சுவரைத் துளையிட்டு இணையக் கம்பி பதித்தார்கள். அந்தச் சுண்ணாம்புத் தூளின் வாசம் நெஞ்சில் ஏறியதும், நண்பரே, உங்களோடு பேசாதிருக்க முடியவில்லை.

மலேசியாவின் இந்தச் சிலிம் ரிவர் தோட்டத்துப் பள்ளிக்குக் கணினி ஆசிரியராக வந்ததுமே நீங்கள் கம்பிதான் கேட்டீர்கள். பள்ளி வாரியத் தலைவனாகிய நான், புதிதாய்ப் பூசிய சுவரைத் துளைக்கலாகாது என்று மறுத்தேன். கம்பியில்லா இணைப்பே வந்தது. பிள்ளைகளுக்கு இரண்டையும் விளக்கினீர்கள்: "கம்பியில போறது, காதுக்கிட்ட வந்து பேசுற மாதிரி. கம்பி இல்லாதது, தூரத்துல நின்னு கூப்பிடுற மாதிரி. சுவர் குறுக்க வந்தா குரல் கொறையும், இரும்பு வந்தா நின்னே போகும்."

"எங்கம்மா கத்துறது மட்டும் எல்லாத்தையும் தாண்டி வருதே, சார்?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. வாசலில் நின்ற நானும் சிரித்தேன். சொன்னதை மனத்தில் வாங்கவில்லை.

பிள்ளைகள் முதன்முறையாக மாநில இணையப் புதிர்ப்போட்டிக்குத் தேர்வானார்கள். போட்டிக்கு முதல்நாள் சரசுவதி பூசை. இணைப்பைப் பரப்பும் அந்தச் சிறு பெட்டியை, மின்கம்பியைக் கழற்றாமலே, அறை மூலையிலிருந்த இரும்புச் சாமி அலமாரியில் கலைமகளின் திருமுன் வைத்தேன். சந்தனப் பொட்டிட்டுக் கதவைச் சாத்தினேன். மறுபூசை முடியும்வரை அசைக்கலாகாது என்பது எங்கள் முறை.

மறுநாள் நான் பூவோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணினிகள் இணைப்பு அறுந்து கிடந்தன. பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். நீங்கள் பெட்டியின் மின்கம்பியைத் தடவிக்கொண்டே போய் அலமாரியைத் திறந்தீர்கள். பொட்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மெல்லக் கதவைச் சாத்தினீர்கள்.

"என்னா சார், ஒரு லைன் ஒழுங்கா பாத்துக்க முடியலயா? எம்மவ மூணு மாசமா படிச்சா லா," என்றார் ஒரு தந்தை.

"என் கவனக்குறைவுதாங்க," என்றீர்கள்.

கிறிஸ்துவராகிய நீங்கள் எங்கள் சாமி அலமாரியைக் குறைகூற அஞ்சினீர்களோ, என் முகத்துக்காகப் பொறுத்தீர்களோ, அறியேன். நான் கேட்கவில்லை. பெற்றோர் எழுதிய புகாரில் தலைவன் என்ற முறையில் ஒப்பமும் இட்டேன். உங்களை வடக்கே தொலைவிலுள்ள பாரிட் புந்தாருக்கு மாற்றினார்கள்.

சென்ற மாதம் அங்கே, தேவாலயத்தில் உங்கள் உடலருகே அதே தந்தை என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். "தங்கமான மனுசன். அன்னைக்கு மட்டும் அசந்துட்டாரு, இல்லீங்களா தலைவரே?" என்றார்.

நான் தலையாட்டினேன். அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் அந்தத் தலைக்குத்தான் திருநீறு பூசுகிறேன்.