வால்வின் நிறம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே!

உன் மருமகளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. மாடிக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது.

நேற்று கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கணவரும் உன் அத்தானும் படகோடு மூழ்கி இரண்டு வருடமாகிறது. இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "வால்வை மூட மறந்தவரோட பொண்டாட்டி" என்று யாரிடமோ சொன்னாள். வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

விசாரணைக்காகக் கடலுக்கடியில் நீ எடுத்த வீடியோவைப் பார்க்க அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அனுப்பு. அவர் மறந்தது உண்மையென்றால், என் கண்ணால் பார்த்து மனதை ஆற்றிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை இல்லை. பயம்.

உனக்கு அனுப்புவதற்கு முன் அந்த வீடியோவை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எஞ்சின் அறையில், கடல்நீரை உள்ளே விடும் வால்வைச் சுட்டிக்காட்டும் என் கையுறை சிவப்பாக இருக்கிறது. அக்கா, என் கையுறை வெள்ளை.

ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கி, எல்லாம் நீலமாகிவிடும். அதைச் சரிக்கட்ட லென்ஸில் சிவப்பு ஃபில்டர் போடுவோம். விளக்கு போட்டால் அதைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் படம் முழுக்கச் சிவந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. அன்று படகை வெளியிலிருந்து ஃபில்டரோடு எடுத்துவிட்டு, உள்ளே நுழைந்து விளக்கைப் போட்டேன். ஃபில்டரைக் கழற்றவில்லை. தண்ணீர் கலங்கியிருந்தது. அத்தானின் சட்டை வேறு அங்கே மிதந்தது. நான் கேமராத் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வால்வு திறந்திருந்தால் சிவப்பும் மூடியிருந்தால் பச்சையும் தெரியும்படி அத்தான்தான் பெயிண்ட் அடித்திருந்தார். சேறு படிந்திருந்த அது என் வீடியோவில் சிவப்பாகத் தெரிந்தது. அதை வைத்துத்தான் விசாரணை அறிக்கையில் 'திறந்திருந்தது' என்று எழுதினார்கள்.

உண்மையில் என்ன நிறம் என்று இன்னும் எனக்குத் தெரியாது. வீண் நம்பிக்கை கொடுக்க மனம் வரவில்லை. மறுபடி இறங்கப் போகிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

பச்சை.

நேற்று இறங்கினோம். சாட்சி வேண்டும் என்று எங்கள் டைவிங் கம்பெனி முதலாளியையும் கூட அழைத்துப் போனேன். ஃபில்டர் இல்லை. இரண்டு விளக்குகள், நிறம் சரிபார்க்கப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை அட்டை. படிந்திருந்த சேற்றைத் துடைத்ததும் பளிச்சென்று பச்சை. அத்தான் மூடித்தான் வைத்திருக்கிறார். அடித்தட்டில் ஒரு பலகை பிளந்திருக்கிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

முதலாளி மேலே வந்து, "இத யார்கிட்ட மொதல்ல சொல்லப் போற?" என்றார்.

விசாரணை அலுவலகத்தில் புது வீடியோவைக் கொடுத்து, பழைய தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கும் வீடியோ அனுப்பியிருக்கிறேன். என்னால்தான் நீ இரண்டு வருடம் தலைகுனிந்து நடந்தாய். நான் வீட்டுக்கு வரலாமா?

தம்பி

ஏப்ரல் 15

டேய் சின்னவனே,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அதிலிருந்த வசவெல்லாம் நேரில் வைத்துக்கொள்கிறேன்.

வீடியோவை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்தாள். பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். பிறகு, "உள்ள வாங்கக்கா" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர் சொன்னது இருக்கட்டும், நான் என்ன செய்தேன்? "ஏன் மறந்தீங்க, ஏன் மறந்தீங்க" என்று இரண்டு வருடமாக அவர் படத்துக்கு முன்னால் சண்டை போட்டேனே! ஒருநாள்கூட "நீங்க மறந்திருக்க மாட்டீங்க" என்று சொல்லவில்லை. நீ திரையை நம்பினாய். இருபது வருடம் கூட வாழ்ந்த நான் யாரை நம்பினேன்? உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்கிற கேள்வியா இது? சனிக்கிழமை வா. முதலில் திட்டுவேன், வாங்கிக்கொள். அப்புறம் அவர் படத்துக்கு முன்னால் இரண்டு பேருமாக மன்னிப்புக் கேட்போம். தனியாகக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அக்காதான்