செவலையின் பிரசவமும் பொம்மை மாடும்

என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்த அஞ்சலைக்கு,

இது நான் எழுதும் முதல் கடிதம். நீ போன பிறகுதான் முதியோர் வகுப்பில் எழுத்து கற்றேன். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இப்போது பலகையை நானே படித்துவிடுகிறேன், தெரியுமா? மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீ அவசரப்படாதே.

செவலை கன்று போட்டுவிட்டது. கிடாரி. ஆனால் லேசில் நடக்கவில்லை. காலையில் கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன; தலை வரவில்லை. "என் மாட்ட மட்டும் வுட்டுடாதீங்க" என்று நீ கடைசியாகச் சொன்னதுதான் காதில் கேட்டது.

மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா வந்தார். பேத்தி வயதுதான் இருக்கும்.

"இந்த மாதிரி நெறைய மாடு பாத்திருக்கீங்களாம்மா?" என்றேன்.

"காலேஜுல பொம்மை மாட்டுலதான் நெறைய பழகினேன் தாத்தா. வயித்துக்குள்ள துணிக் கன்னுக்குட்டிய வச்சிருப்பாங்க. தலை திரும்பினது, கால் மடங்கினது எல்லாத்தையும் அதுல கத்துக்கிட்ட பொறவுதான் உசுருள்ள மாட்டத் தொட வுடுவாங்க."

 "பொம்மையில கத்துக்கிட்ட கையா?" என்று கேட்டே விட்டேன்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் விடவில்லை. "ஆயுசு பூரா செராமிக் கம்பெனியில பொம்மை செஞ்ச மனுசன் பேசுற பேச்சா இது? தள்ளி நில்லுங்க மாமா."

டாக்டரம்மா சிரிக்கக்கூட இல்லை. நீளக் கையுறையில் சோப்புத் தண்ணீர் தடவி, கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். செவலை முக்காத நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளி, அதன் வாயைக் கைக்குள் அடக்கித் தலையைத் திருப்பினார். பிறகு செவலை முக்க முக்க, கூடவே மெல்ல இழுத்தார். கன்று வைக்கோலில் விழுந்து தும்மியது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முன்பு ஒரு மாட்டு வைத்திய முகாமில், சினை பார்க்கிறோம் என்று படிக்கிற பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் செவலைக்குள் கைவிட்டுப் பழகினார்கள். "என் மாடு என்னா ஒங்க ஸ்கூலா? அதுக்கு வலிக்காதா?" என்று கயிற்றை அவிழ்த்து ஓட்டி வந்துவிட்டாய். ஊரே சிரித்தது. நானும்தான்.

டீ கொடுக்கும்போது டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். "பாட்டி கேட்டது நியாயம்தான தாத்தா" என்றார்.

நீ கேட்டதையே வேறு யாரோ எங்கேயோ கேட்டிருக்கிறார்கள், அஞ்சலை; அதனால்தான் பொம்மை மாடு வந்திருக்கிறது. அவர்கள் யாரென்று தெரியாது; நன்றாக இருக்கட்டும். அந்தப் பொம்மை மாடு எத்தனை கைகளைத் தாங்கியதோ, செவலை ஒரே கையோடு பிழைத்தது.

டாக்டரம்மா, தான் படித்த காலேஜுக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றிருக்கிறார். கட்டாயம் போவேன். அந்தப் பொம்மை மாட்டின் முதுகை, உன் கையாக நினைத்து, ஒரு தரம் தடவிக்கொடுத்துவிட்டு வருவேன்.

கைநாட்டை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும்
உன் வீட்டுக்காரன்,
கலியமூர்த்தி