பின் பாதி ரயில்

அன்புள்ள அப்பாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

"படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" என்று போனில் கத்தினீர்களே, இரண்டுக்கும்தான். போன சனிக்கிழமை கோட்டை பார்க்கக் கிளம்பினேன். நம் கிரீசில் ரயில் முழுதாகப் போகும். இந்த ஜெர்மனியில் நடுவழியில் இரண்டாகப் பிரித்து வெவ்வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் பின் பாதியில் உட்கார்ந்திருந்தேன்.

"உன் கோட்டை முன் பாதியோட போயிடுச்சும்மா!" என்று டிக்கெட் பரிசோதகர் சிரித்தார். இறங்கிய ஊரில் இருந்தது ஒரு சர்க்கரை ஆலைதான். அதையே சுற்றிப் பார்த்தேன்.

இன்றும் போகிறேன். வெள்ளிக்கிழமையானால் விடுதியில் எல்லோரும் அவரவர் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பூட்டிய கதவுகளுக்கு நான் காவல் இருக்க வேண்டுமா?

நம் தோட்டத்து ஆலிவ் கொஞ்சம் அனுப்புங்கள். பொட்டலத்தில் முகவரியை அம்மாவே எழுதட்டும்.

நேரமாயிற்று, முன் பெட்டியில் இடம் பிடிக்க வேண்டும்.

உங்கள் மகள்,
மிர்தோ